தொண்ணூறாம் நாள்

எங்கள் ஆய்வில் ஒரு நோயாளிகூடத் தொலைந்து போனதில்லை. இதை ஊரெல்லாம் சொல்லிப் பெருமையடித்தவள் நான்தான். அந்தப் பெருமைக்கு ஒரு மனுஷன் உயிரைக் கொடுத்தான்.

ரத்தத்தில் கிருமி பரவி, சாகிற நிலையில் ஐ.சி.யூ.வுக்கு வருகிறவர்களுக்கு இரண்டு மருந்துகளில் எது நல்லது என்று பார்க்கிற ஆய்வு எங்களுடையது. யாருக்கு எந்த மருந்து என்று கம்ப்யூட்டர் சீட்டுப் போட்டுச் சொல்லும். அதற்குப் பிறகு ஒரே கேள்விதான்: தொண்ணூறாம் நாள் ஆள் உயிரோடு இருக்கிறாரா, இல்லையா. இருமுகிறாரா, இளைத்துவிட்டாரா, ராத்திரி தூங்குகிறாரா என்பதற்கெல்லாம் படிவத்தில் கட்டம் கிடையாது.

அந்த ஒரு பதிலை வாங்குவதற்குள் மற்ற ஆஸ்பத்திரிகளில் தாவு தீர்ந்துவிடும். ஆள் வீடு மாறியிருப்பான், சுரங்க வேலைக்குப் போயிருப்பான், போனை எடுக்கமாட்டான். தெற்கே மெல்போர்ன் மாதிரிப் பெரிய நகரங்களிலெல்லாம் பத்துப் பன்னிரண்டு பேரைத் தொலைத்துவிட்டுக் கையைப் பிசைந்தார்கள். எங்களிடம் பூஜ்யம். "எங்க கோரல் கிட்ட மாட்டினவன் செத்தாக்கூட தப்பிக்க முடியாது" என்று ஆய்வுத் தலைவர் ஹேமிஷ் கூட்டத்தில் என்னைக் காட்டிச் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

என் வித்தை ரொம்பச் சாதாரணம். படிவப்படி இருபத்தெட்டாம் நாள் ஒரு போன், தொண்ணூறாம் நாள் ஒரு போன், அவ்வளவுதான். நான் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கூப்பிடுவேன். நாய் எப்படி இருக்கிறது, மழை விட்டதா, நேற்று ஃபுட்டி மேட்ச்சில் நம்ம பசங்க ஏன் அப்படிச் சொதப்பினார்கள் என்று பேசுவேன். என் குரல் பழகிவிட்டால் தொண்ணூறாம் நாள் தானாகவே எடுப்பார்கள். இருபத்தாறு வருஷ நர்ஸ் உத்தியோகத்தில் வாய்தான் என் சொத்து.

ஆல்டோ ஃப்ரெஸ்டா பிப்ரவரி வெள்ளத்தில் வந்தார். வடக்கே இரண்டு மணி நேரத் தொலைவில் கரும்பு விவசாயி, வயது அறுபத்து மூன்று. தோட்டத்தில் தண்ணீர் ஏறியதும் பம்பைக் கழற்றப் போயிருக்கிறார், வழக்கம்போல ரப்பர் செருப்போடு. காலில் ஒரு கீறல். நாலாம் நாள் நடுக்கம், ஐந்தாம் நாள் ஹெலிகாப்டர். மழைக்காலத்தில் சேற்றிலிருந்து கிளம்புகிற அந்தக் கிருமியை எங்கள் பக்கத்தில் துப்புரவுப் பணியாளர்கூடப் பெயர் சொல்லி அடையாளம் காட்டுவார். ரத்தப் பரிசோதனையிலும் அதுதான் வந்தது.

எங்கள் ஆய்வில் முதலில் சேர்த்துவிட்டுப் பிறகுதான் சம்மதம் கேட்போம். உயிர் ஊசலாடும்போது உட்கார்ந்து பதினாறு பக்கம் படிக்க யாருக்கு நேரம்? மறுநாள் அவர் மனைவி நெரிடாவைக் காபி மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார வைத்து விளக்கினேன். இது சிகிச்சை அல்ல, ஆய்வு என்று மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது. அதை மழை வருவதற்குள் துணி எடுக்கிற வேகத்தில் வாசித்தேன். அவள் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்:

"இதுல சேர்ந்தா நீங்க அவர கூடுதலா பாத்துப்பீங்களா?"

"அப்பப்ப போன் பண்ணிக்கிட்டே இருப்போம்" என்றேன்.

அவள் கையெழுத்துப் போட்டாள்.

ஆல்டோ பிழைத்தார். ஐ.சி.யூ.வில் எடுத்த ஸ்கேனில் வலது நுரையீரலின் மேல்பகுதியில் ஒரு நிழல் இருந்தது. மெல்போர்னிலிருந்து புதிதாக வந்திருந்த ஸ்கேன் டாக்டர், 'கிருமியாக இருக்கலாம். ஆனாலும் ஆறு வாரம் கழித்து மறுபடி எடுக்கவும். சுருங்காவிட்டால் புற்றுநோயா என்று பார்க்கவும்' என்று எழுதியிருந்தாள். எங்கள் ஆட்களுக்கு ஒரே சிரிப்பு. "பாவம், தெற்கத்திப் பொண்ணு. நம்ம ஊர் மழைக்காலம் இன்னும் ஒண்ணுகூட பாக்கல, இந்தக் கிருமி இப்படித்தான் நிழல் போடும்னு தெரியாது" என்றார்கள். கிருமி கையும் களவுமாகப் பிடிபட்டிருக்க, வேறு எவனைத் தேடுவது? ஆனாலும் முறைப்படி மூன்று மாத மாத்திரையும், ஆறாவது வாரம் ஸ்கேனுக்கும் கிளினிக்குக்கும் தேதியும் கொடுத்துத்தான் அனுப்பினார்கள். அந்தத் தாளை நானும் பார்த்தேன். அது கிளினிக்காரர்கள் வேலை என்று மூடி வைத்தேன்.

ஆல்டோவோடு பேசுவது எனக்குப் பிடிக்கும், அதை மறைப்பானேன். வாரம் முழுக்கச் சம்பிரதாயக் குரல்களைக் கேட்டுவிட்டு அவரைக் கூப்பிட்டால் வாயில் வெல்லம் போட்ட மாதிரி இருக்கும்.

"செத்துட்டேனான்னு பாக்கறியா கோரல்?"

"இல்ல, கரும்பு செத்துடுச்சான்னு பாக்கறேன்."

"கரும்புக்கு என்னா, என்னைவிட தெம்பா நிக்குது. நெரிடாதான் என்ன குளிக்கக்கூட தனியா விடமாட்டேங்கறா. கல்யாணமான புதுசுலகூட இவ்ளோ கவனிப்பு இல்ல."

நடு நடுவே இருமினார். ஐ.சி.யூ.வில் குழாய் போட்ட தொண்டை அப்படித்தான் இருக்கும் என்று நானே சொன்னேன். அவர் கேட்கக்கூட இல்லை, நானாகச் சொன்னேன்.

மே மாதம் தொண்ணூறாம் நாள். இரண்டாவது மணியிலேயே எடுத்தார். உயிரோடு இருக்கிறார் என்ற கட்டத்தில் குறி போட்டேன். போட்டுவிட்டுப் பேச்சோடு பேச்சாக, "ஸ்கேன்ல நிழல் போயிடுச்சாமா?" என்று கேட்டேன்.

"எந்த ஸ்கேன்?"

"ஆறாவது வாரம் எடுத்தீங்களே ஆல்டோ."

"அதுவா. வேணாம்னு சொல்லிட்டேனே. கிளினிக்லேர்ந்து ஒரு பொண்ணு போன் பண்ணிச்சு, வர்றீங்களான்னு. ரெண்டு மணி நேரம் வண்டி ஓட்டிட்டு வந்து, பார்க்கிங் தேடி அலைஞ்சு, எட்டு நிமிஷம் உக்காந்துட்டு திரும்பணுமா? எங்க கோரல் ரெண்டு வாரத்துக்கு ஒருக்க கூப்புட்டு எல்லாம் கேட்டுக்கறா, ஏதாச்சும் இருந்தா அவ சொல்ல மாட்டாளான்னேன். சரிதாங்கன்னு வச்சிருச்சு."

"நாளைக்கே வாங்க" என்றேன். குரல் நடுங்காமல் பார்த்துக்கொண்டேன். அதுவும் தொழில்தான்.

ஹேமிஷிடம் ஓடினேன். "தொண்ணூறாம் நாள் படிவம் முடிஞ்சுதா?" என்றுதான் முதலில் கேட்டார். முடிந்தது என்றேன். அப்புறம் நான் சொன்னதைக் கேட்டு முகம் வெளிறினார். அவர் கெட்டவர் இல்லை. மறுநாளே ஸ்கேனுக்கு ஏற்பாடு செய்தார். தும்பை விட்டு வாலைப் பிடித்தோம். நிழல் இரண்டு மடங்காகியிருந்தது, கல்லீரலுக்கும் போயிருந்தது. ஆறாவது வாரமே பார்த்திருந்தால் என்று புற்றுநோய் டாக்டரிடம் கேட்டேன். "வெட்டி எடுத்திருக்கலாமோ என்னமோ. இப்ப அத பேசி என்ன ஆகப்போகுது" என்றார். அந்த 'என்னமோ' இன்னும் என் தொண்டையில் மீன் முள்ளாக நிற்கிறது.

ஆல்டோவை வார்டில் போய்ப் பார்த்தேன். என்னைத் தேற்றியது அவர்தான். "நான்தானே வரமாட்டேன்னேன். நீ என்ன பண்ணுவ?" என்றார். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். உங்கள் நாயைப் பற்றி நான் விசாரித்தது நாய்மேல் அக்கறையால் அல்ல, உங்களைத் தொலைக்காமல் இருக்கத்தான் என்று. கோழைச் சிறுக்கி நான், பூவைக் குவளையில் வைத்துவிட்டு வந்தேன்.

ஆஸ்பத்திரி விசாரணை வைத்தது. அறிக்கை ஒரே பக்கம். 'கிளினிக்குக்கு வர நோயாளி மறுத்தார். ஆய்வுக் குழு தொலைபேசியில் தொடர்ந்து தொடர்பில் இருந்தது.' கீழே நான் கையெழுத்துப் போட வேண்டும்.

"இதுல ஒரு வரிகூட பொய் இல்ல கோரல்" என்றார் ஹேமிஷ்.

"அதுதான் பயமா இருக்கு" என்றேன். ஆனாலும் கையெழுத்துப் போட்டேன்.

ஆல்டோ ஜூலைக் கடைசியில் இறந்தார், அறுவடை மும்முரத்தில், நூற்று எழுபத்தோராம் நாள். எங்கள் கணக்கில் அவர் பிழைத்தவர். மருந்து காப்பாற்றியவர்களின் பட்டியலில் ஒரு புள்ளியாக என்றைக்கும் இருப்பார். அந்த வாரம்தான் ஒருவரையும் தொலைக்காத குழு என்று எங்களுக்கு ஒரு கேடயமும் வந்தது. ஹேமிஷ் அதை என் மேஜைமேல் வைத்தார். நான் இழுப்பறைக்குள் தள்ளினேன்.

சாவுக்குப் போனேன். கரும்பு ஏற்றிய ரயில் ரோட்டைக் கடந்து முடிக்கக் கால் மணி நேரம் காத்து நின்று, சர்ச்சில் பூசை பாதியில் நுழைந்தேன். பிறகு பக்கத்துக் கூடத்தில் டீயும் சாண்ட்விச்சும். நெரிடா என்னைப் பார்த்ததும் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். விடவே இல்லை. ஒவ்வொருவரிடமும் இழுத்துப்போய், "இவங்கதான் கோரல். ஆல்டோ சொல்வாரே, ஆஸ்பத்திரியில அவர பாத்துக்கிட்டவங்க. போன் பண்ணாம இருந்ததே இல்ல" என்றாள். ஆல்டோவின் அண்ணன் தொப்பியைக் கழற்றி எனக்கு வணக்கம் சொன்னார். ஒரு கிழவி என் கன்னத்தில் முத்தமிட்டாள்.

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. டீ மேஜைக்குப் பக்கத்தில் அவளை நிறுத்தினேன்.

"நெரிடா, நான் அவர பாத்துக்கல. ஸ்கேன் எடுக்கணும்னு தாள்ல இருந்துது, நான் படிச்சேன், விட்டுட்டேன். நான் போன் பண்ணதெல்லாம் தொண்ணூறாம் நாள் அவர் உயிரோட இருக்காரான்னு எழுதத்தான். நான் பாத்துக்கறேன்னு நம்பித்தான் அவர் கிளினிக்குக்கு வரல."

அவள் என் கையை விட்டாள். மெதுவாகத்தான் விட்டாள். அழுவாள், அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அப்படி ஏதாவது செய்தால் நன்றாக இருக்கும் என்று இருந்தது.

"தொண்ணூறாம் நாள் இருந்தாரா?" என்று கேட்டாள்.

"இருந்தார்."

"அப்ப உங்களுக்கு வேண்டியது கெடச்சுருச்சு" என்றாள். கெட்டிலை எடுத்துக்கொண்டு அடுத்தவருக்கு டீ ஊற்றப் போனாள்.