பதினோராம் நாள் முளைத்த கிருமி

அன்று வடிவேலுவின் வாசலில் இருந்தவர்கள் ஐந்து பேர்: வடிவேலு, அவர் மனைவி செல்லி, மகள் அமுதவல்லி, அவளுடைய புருஷன் சந்திரன், சந்திரனின் தகப்பன் அருணகிரி. வேறு யாரும் இல்லை.

புதூர்நாட்டு மலைப் பக்கம் ஏழு ஊருக்கு நியாயம் சொல்லுகிறவர் அருணகிரி. சம்பந்தி வீட்டில் கட்டில் போட்டும் உட்காரவில்லை.

"நிக்கறதுக்கா ஜீப் புடிச்சி வந்தீங்க?" என்றாள் செல்லி.

இரண்டு வருடத்துக்கு முன் அருணகிரி புளி உலுக்கும்போது மரத்திலிருந்து விழுந்தார். நொறுங்கிய தோள் மூட்டை எடுத்துவிட்டு வேலூரில் உலோக மூட்டு வைத்தார்கள். புண் ஆறியது, வலி போகவில்லை. தலைப்பாகை கட்டக் கை எழவில்லை. காய்ச்சல் இல்லை, சீழ் இல்லை, ரத்தப் பரிசோதனையிலும் குறை இல்லை. அப்படியானால் வலி எங்கிருந்து வருகிறது? அதற்கு அவரே ஒரு பதில் கண்டுபிடித்தார். ஆபரேஷன் முடிந்து வந்த வாரம், தூரமாகி, கூப்பிடு தூரத்தில் ஊர் ஓரத்துத் தனிக்குடிசையில் இருந்த மருமகள் வீட்டுக்குள் வந்து தன்னைத் தொட்டுவிட்டாள், அந்தத் தீட்டுதான் இது என்று ஊர்க்கூட்டத்தில் சொன்னார். கூட்டம் நடந்த வாரமே அமுதவல்லி தாய்வீட்டுக்கு அனுப்பப்பட்டாள்.

போன மாதம் வேறொரு டாக்டர் தோளைத் திறந்து பழைய மூட்டை மாற்றினார். எடுத்த சதைத் துணுக்குகளில் கிருமி வளர்கிறதா என்று பதினான்கு நாள் வைத்துப் பார்க்கச் சொன்னார். பதினோராம் நாள் கிருமி முளைத்தது.

"இது எல்லார் தோள்லயும் அக்குள்லயும் இருக்கறதுதாங்க. ஆபரேஷன் அன்னிக்கே உங்க தோல்லேர்ந்து உள்ள போயிருக்கும். சத்தமில்லாம ஒக்காந்திருக்கும்," என்றார் டாக்டர்.

"அப்புறமா யாராவது தொட்டிருந்தா?" என்று கேட்டார் அருணகிரி.

"தொட்டா வராதுங்க."

பக்கத்தில் நின்ற சந்திரனும் இதைக் கேட்டான்.

"கூட்டிக்கிட்டுப் போலாம்னு வந்தேன்," என்றார் அருணகிரி இப்போது, சம்பந்தி வாசலில்.

"தொரத்துனா வர்றதுக்கும் கூப்ட்டா போறதுக்கும் இது இன்னா ஆட்டுக்குட்டியா?" என்றார் வடிவேலு.

அமுதவல்லி வாசற்படியிலிருந்து இறங்கவில்லை. "அன்னிக்கி என்னைக் கூப்ட்டது யாரு மாமா?"

சந்திரன் திரும்பினான். "கூப்ட்டாங்களா? நைனா, இன்னா சொல்லுது இது?"

காது மடல் கொதித்தது அருணகிரிக்கு. மகன் முகத்தைப் பார்க்க முடியாமல் கட்டில் காலைப் பார்த்தார்.

"நான்தான். கைய மாட்டியிருந்த துணி நழுவிடுச்சி. வூட்ல யாருமில்ல. குடிசைப் பக்கம் பாத்துக் குரல் குடுத்தேன்."

"வரமாட்டேன்னுதான் சொன்னேன். திட்டுனீங்க," என்றாள் அமுதவல்லி. "இங்க சொன்னா ஆச்சா? எங்க சொன்னீங்களோ அங்க சொல்லுங்க. அப்பறம் வர்றேன்."

திங்கட்கிழமை கூட்டம் கூடியது. எத்தனையோ பேரைத் தலைகுனிய வைத்த இடத்தில் அருணகிரி எழுந்து நின்றார்.

"தீட்டு இல்ல. கிருமி என் தோல்லயே இருந்தது. அவளக் கூப்ட்டதும் நான்தான். உங்ககிட்ட மறைச்சிட்டேன்."

கூட்டத்தில் பொய் சொன்னவன் விழுந்து கும்பிட வேண்டும் என்பது வழக்கம். ஒரு கையை ஊன்ற முடியாமல் அவர் பக்கவாட்டில் சரிந்தார். தூக்க வந்த மகனை வேண்டாம் என்று தடுத்துவிட்டு, முழங்காலில் தவழ்ந்து தானே எழுந்தார்.

மறுநாள் அமுதவல்லி புருஷன் வீட்டுக்கு வந்தாள். வடிவேலு போலீசுக்குப் போவதாக மிரட்டித்தான் அருணகிரியைப் பேச வைத்தார் என்று மலையில் ஒரு பேச்சு உலவுகிறது. அப்படி யாரும் மிரட்டவில்லை.