ஏழாம் நம்பர் வள்ளம்

பின்முற்றத்தில் அப்பாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். கோடி வேட்டி எடுக்க அவருடைய அறைக்கு வந்த சுஜா, மோகனன் அலமாரிக்குள் முழங்கைவரை கையை விட்டுத் துழாவிக்கொண்டிருப்பதைப் பார்த்தாள்.

"என்னத்தத் தேடுதிய மாமா?"

மோகனன் கையை வெளியே எடுத்தார். அறுபத்தைந்து வயது மனிதர், முகம் வெளிறிப்போயிருந்தது.

"ஒண்ணும் இல்ல மக்கா. அண்ணனுக்க கண்ணாடி. முகத்துல போட்டு வைக்கலாம்னு."

கண்ணாடி ஜன்னல் திட்டில், யார் வந்தாலும் முதலில் கண்ணில் படும்படி இருந்தது. சுஜா அதைப் பார்த்தாள். அவரும் பார்த்தார். வெளியே போனார். அவள் வேட்டியை எடுத்துக்கொண்டு அறையைப் பூட்டி, சாவியைக் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

பாறசாலையில் நிலத்துக்கு ஆதாரப் பத்திரம் எழுதும் ஆபீஸில் அவளுக்கு இருபது வருட வேலை. எந்தத் தாளைக் கொடுத்தாலும் கண் முதலில் அடியில் போட்ட கையெழுத்துக்கு, ஒப்புக்குத்தான் போகும். கல்யாணம் முறிந்து கொல்லயிலுக்குத் திரும்பி வந்ததிலிருந்து அந்த வீட்டில் அவளும் அப்பா தாணுமாலயனும் மட்டும்தான். நாளில் பாதி நேரம் மூன்றாவது ஆளாக மோகனனும் இருப்பார். அரசு டிரஷறியில் அப்பாவுக்குக் கீழே வேலை பார்த்தவர். பொழியூரில் அவருடைய வீட்டைக் கடல் கொண்டுபோன பிறகு பக்கத்துத் தெருவில் குடியேறியவர்.

நேற்று சாயங்காலமும் வந்திருந்தார். அறைக்கதவு சாத்தியிருந்தது. சுஜா அடுக்களையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது அப்பாவின் குரல் உயர்ந்தது.

"கையைப் பிடிக்காத மோகனா. எனக்கு ஒப்பு போடத் தெரியும்."

"அண்ணா, சொன்னாக் கேளுங்க. இது வேண்டாம்."

பிறகு சத்தமில்லை. அவள் தேயிலைத் தண்ணீர் கொண்டுபோனபோது மோகனன் போய்விட்டிருந்தார். அப்பா சோறு வேண்டாமென்று படுத்தார். காலையில் கூப்பிட்டபோது எழுந்திருக்கவில்லை. உறக்கத்திலேயே நெஞ்சு நின்றுவிட்டது என்றார் டாக்டர். எதனால் நின்றது என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை. சுஜா மட்டும் தனக்குள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

அது என்ன ஒப்பு என்று அவளுக்குத் தெரியும். மாநில எல்லை பிரிந்து எழுபது வருடம் ஆனதற்கு ஊரில் ஒரு சங்கம் வெள்ளியில் நினைவு நாணயம் அடிக்க முடிவு செய்திருந்தது. ஒரு பக்கம் வருடம், மறுபக்கம் இந்தப் பகுதியைக் காட்டும் ஒரு படம். வந்து குவிந்த படங்களில் ஐந்தை மிச்சம் வைத்து, பெயரில்லாமல் வந்த வரிசை நம்பர் மட்டும் போட்டு, மூன்று நடுவர்களுக்குக் கொடுத்திருந்தார்கள். பழைய திருவிதாங்கூர்க் காசுகளைச் சேர்த்து வைத்திருந்ததால் அப்பாவும் ஒரு நடுவர். மற்ற இருவரும் ஆளுக்கொன்றைச் சொல்லியாகிவிட்டது. அப்பாவின் தாளில்தான் எல்லாம் இருந்தது.

வீட்டின் தெற்குப்பக்கத்தில் சிதைக்காக மாமரத்தை வெட்டும் சத்தம் கேட்டது. சுஜா மறுபடி அறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டாள். அலமாரியில் இல்லை. மேசையில் இல்லை. மெத்தைக்கு அடியில் இருந்தது சங்கத்தின் ஃபைல்.

மேலே இருந்த தாளில் எழுதியிருந்த ஒவ்வொரு எழுத்தும் மோகனனின் உருண்டைக் கையெழுத்து. முதலிடம்: நம்பர் ஏழு. கீழே அப்பாவின் ஒப்பு, கோட்டில் தொடங்கிக் கோட்டை விட்டு இறங்கி, கடைசி எழுத்து தாளின் ஓரத்தில் தொங்கியது. முப்பத்திரண்டு வருடம் டிரஷறியில் ஒரே அச்சாக ஒப்பிட்ட கை அது. அடுத்தவர் பிடித்து இழுத்தால் ஒப்பு இப்படித்தான் வரும். எத்தனை தாளில் பார்த்திருக்கிறாள்.

ஏழாம் நம்பர் படத்தை எடுத்தாள். அலைமேல் மூக்கைத் தூக்கி நிற்கும் ஒரு வள்ளம். இதை அவள் முன்பே பார்த்திருக்கிறாள். மோகனனின் தங்கை மகள் ஆதிரா, பாதி வரைந்த நிலையில் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸாக வைத்திருந்தாள்.

தம்பி ராஜீவைக் கிணற்றடிக்கு அழைத்துக் காட்டினாள். திருவனந்தபுரத்திலிருந்து காலையில்தான் வந்திருந்தான். தாளைப் படித்தான், மடித்தான், திரும்பக் கொடுத்தான்.

"இப்ப இதை விடு அக்கா."

"நேத்து அப்பாவைச் சத்தம் போட வச்சது இந்தாளாக்கும். இப்ப வந்து அலமாரியில கைய விடுதாரு."

ராஜீவ் கிணற்றடியை விட்டு நடந்தான். ஆனால் மூன்று மணிக்குப் பாடையைத் தூக்கும் நேரத்தில், தோளில் துண்டை மடித்துப் போட்டுக்கொண்டு மோகனன் முன்னால் வந்தபோது, அவன் குறுக்கே நின்றான்.

"நீங்க எடுக்காண்டாம்."

மெதுவாகத்தான் சொன்னான். பக்கத்தில் நின்ற நாலு பேருக்குக் கேட்டது. மோகனன் அவனைப் பார்த்தார். பிறகு அவன் பின்னால் நின்ற சுஜாவைப் பார்த்தார். துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு, கூட்டத்தை விலக்கி வாசலுக்குப் போனார். கேட்டைத் தாண்டி எதிரே ஓடைமேல் கட்டிய கலுங்குத் திட்டில் உட்கார்ந்தார். வீட்டுக்குப் போய்விடுவார் என்று சுஜா நினைத்தாள். போகவில்லை.

சிதையில் தீ ஏறியது. பெண்கள் குளிக்கப் போனார்கள். சுஜா படுக்கையைச் சுருட்டி எடுக்க அறைக்கு வந்தாள். தலையணையைத் தூக்கியதும் உறைக்குள் ஏதோ கலகலத்தது. கவிழ்த்தாள். ஐந்து அலுமினியத் தகடுகள் விழுந்தன. ஹோட்டல் பார்சல் தட்டின் அடியை வட்டமாக வெட்டியவை, உள்ளங்கை அகலம். ஒவ்வொன்றிலும் பின்பக்கத்திலிருந்து மை தீர்ந்த பேனாவால் அழுத்திக் கோடு போட்டு, முன்பக்கம் படம் புடைத்து நின்றது. ஒரு தென்னை. ஒரு தறி. ஒரு எல்லைக்கல். பாறைமேல் ஒரு கோயில். ஒரு வள்ளம்.

வள்ளம் மட்டும் தேய்ந்து பளபளவென்று இருந்தது.

அவற்றை எடுத்துக்கொண்டு கலுங்குக்குப் போனாள். மோகனன் எழுந்தார்.

"இதையா தேடினிய?"

"அதையும்தான். எனக்கிட்ட தா மக்கா. வேற ஆரும் பாக்காண்டாம்."

"இது என்னத்துக்கு?"

மோகனன் தெற்கே எழும்பிய புகையைப் பார்த்தார்.

"அண்ணனுக்குக் கண்ணு போயாச்சு. ஓணத்துக்கு முன்னாலேயே. நிழல்போல கொஞ்சம் தெரியும், அவ்வளவுதான். ரெண்டு ஆஸ்பத்திரிக்கு நான் கூட்டிட்டுப் போனேன். இனி ஒண்ணும் செய்யறதுக்கில்லைன்னு சொல்லிட்டாவ."

சுஜா நினைத்துப் பார்த்தாள். தினமும் சாயங்காலம் கேட்டைத் திறந்ததும் அப்பா உள்ளேயிருந்து, "சுஜா தானே?" என்று கேட்பார். வேறு யார் வருவார்கள் என்று அவள் எரிந்து விழுந்ததுண்டு. காலையில் பத்திரிகையை முகத்துக்கு நேரே விரித்துப் பிடித்திருப்பார். செய்தி ஏதாவது கேட்டால், "எல்லாம் பழைய கதையாக்கும்" என்பார்.

"எனக்கிட்ட ஏன் சொல்லல்ல?"

"சொன்னா நீ வேலையை விட்டுட்டு வீட்டுல இருப்பேன்னாரு."

அவள் தகடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நடுவர் வேலைய ஒழிஞ்சிருங்கன்னு சொன்னேன். கேக்கல்ல. காசைக் கண்ணால பாக்கறவன் டிரஷறியில இருந்தவன் இல்லன்னாரு. அதான் நான் இதுகளைச் செஞ்சேன். தடவித் தடவிப் பாத்தாரு. தென்னை கைக்குத் துடைப்பம் மாதிரி இருக்குன்னாரு. கல்லுக்க ரெண்டு பக்கமும் ஒண்ணுபோல இருக்குன்னாரு." மோகனனின் உதடு லேசாக விரிந்து மூடியது. "ஏழாம் நம்பரைப் பாத்ததுமே அது நம்ம ஆதிரா வரைஞ்சதுன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சும் சொல்லல்ல. ஒரு வள்ளம், வேற ஒண்ணும் இல்ல, அவ்வளவு கொள்ளாது, சுமார்தான்னு சொன்னேன். எலே, நீ பாத்ததச் சொல்லு, உனக்கு வேண்டியதச் சொல்லாதன்னு சத்தம் போட்டாரு. அதுலேயே விரலை வச்சுட்டு இருந்தாரு. அடியில அலை இருக்கே, நீ ஏன் மறைச்சன்னு கேட்டாரு."

"நேத்து?"

"ஏழுதான்னு பிடிவாதம். எனக்க தங்கச்சி மகள் வரைஞ்சதுன்னு நேத்துதான் சொன்னேன். நாளைக்கு நாலு பேரு பேசுவாவ, வேண்டாம் அண்ணான்னு ஒப்பு போடற கையைத் தடுத்தேன். தட்டி விட்டுட்டுத் தானே போட்டாரு. கோடு தெரியாம போட்டது." சுஜாவின் பக்கம் திரும்பினார். "அந்தத் தாளைக் கிழிச்சிரு மக்கா. கண்ணு தெரியாதவன் தீர்ப்பு எழுதினான், நான் ஏமாத்தி எழுதினேன்னு ரெண்டு பேச்சும் வரும்."

சுஜாவுக்கு ஏதோ சொல்லவேண்டும் போல இருந்தது. காலையிலிருந்து தான் பேசியதெல்லாம் நாக்கில் வந்து நின்றது. "உள்ள வாங்க" என்று மட்டும் சொன்னாள். மோகனன் தயங்கினார். அவள் கேட்டைத் திறந்து பிடித்துக்கொண்டு, அவர் உள்ளே வரும்வரை நின்றாள்.

ஐந்து மணிக்குச் சங்கத்தின் செயலாளர் பிரேமகுமாரி ஆட்டோவில் வந்து இறங்கினாள். கும்பிட்டாள், சற்று நேரம் உட்கார்ந்தாள், பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"இந்த நேரத்துல கேக்கக்கூடாது. தாணு சார் அந்தப் பேப்பர் எழுதி வச்சிருந்தாரா?"

சுஜா தாளைக் கொண்டுவந்தாள். ராஜீவும் வாசல்படிக்கு வந்து நின்றான். பிரேமகுமாரி அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கண் மேலும் கீழும் போய் வந்தது. சுஜாவுக்குப் பழக்கமான பார்வை.

"எழுத்து சாருக்க எழுத்தில்லையே. ஒப்பும் ஒரு மாதிரி..."

"அப்பாவுக்குக் கண்ணு தெரியாது. ஓணத்துக்கு முன்னால இருந்தே. படத்தை எல்லாம் தகட்டுல தடவிப் பாத்துச் சொன்னாரு, மோகனன் மாமன் எழுதினாரு. ஏழாம் நம்பர் அவருக்க தங்கச்சி மகள் வரைஞ்சதாக்கும். அதையும் உங்க கமிட்டியில சொல்லிருங்க." தாளின் அடியைக் காட்டினாள். "ஒப்பு அப்பா போட்டது. எங்க வேணும்னாலும் வந்து நான் சொல்லுவேன்."

பிரேமகுமாரி தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள். தீர்ப்பு நிற்குமா நிற்காதா என்று அவளும் சொல்லவில்லை, சுஜாவும் கேட்கவில்லை.

ஜன்னல் வழியாகத் தெற்குப்பக்கம் தெரிந்தது. கூட்டம் கலைந்துவிட்டது. புகை படியும் பக்கமாக மோகனன் தனியாக நின்றார். ராஜீவ் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் அவர் பின்னால் போட்டான். மோகனன் உட்காரவில்லை. நாற்காலியின் முதுகை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரம் கழித்து அதன் மறுமுனையில் ராஜீவும் கை வைத்தான்.