நம்ம டீமுக்கு ஒரு பேனர்

நாலு வருஷத்துக்கு ஒரு முறை இந்த ஊருக்குப் பைத்தியம் பிடிக்கும். கால்பந்து உலகக் கோப்பை என்று அதற்குப் பெயர். நான் பேனர் அச்சடிக்கும் கடையில் டிசைன் போடுகிறவள், அதனால் இந்தப் பைத்தியங்களை மற்றவர்களைவிடக் கிட்டத்தில் பார்க்க வேண்டியது என் தலையெழுத்து. மற்ற நாட்களில் கல்யாணம், கடைத் திறப்பு, தள்ளுபடி விற்பனை என்று மரியாதையாகப் போகும் மெஷின், அந்த ஒரு மாதம் கொடி கொடியாகத் துப்பும். மை வாடையில் எனக்குத் தலை சுற்றும். முதலாளி மட்டும் வாயெல்லாம் பல்லாக உட்கார்ந்திருப்பார்.

வருகிறவன் ஒவ்வொருவனும், "நம்ம ஆளுங்க இந்தத் தடவை கப்பை விட மாட்டாங்க மேடம்" என்பான். யாருடா உன் ஆளுங்க? அந்த நாடு வரைபடத்தில் எந்த மூலையில் இருக்கிறது என்று கேட்டால் முழிப்பான். அந்த நாட்டுக்காரன் இவனைப் பார்த்தால் முதலில் விசா இருக்கிறதா என்றுதான் கேட்பான். ஆஃப்சைடு என்றால் பந்து வெளியே போவது என்று நினைத்துக்கொண்டிருக்கிற ஜென்மங்கள். காலிறுதியில் அந்த நாடு தோற்றதும் ஒரு ராத்திரி துக்கம், மறுநாள் வேறு கலர் சட்டை, வேறு நாடு, அதே 'நம்ம'. வீட்டை மாற்றுகிறவன்கூட இவர்களைவிட அதிகம் யோசிப்பான்.

நான் பார்க்கிற ஆட்டம் வேறு. தண்ணீர் சப்ளை ஆபீசுக்கு ஒரு டீம் உண்டு. நீலச் சட்டைதான் போடுவார்கள், குழாய் டீம் என்று கிண்டலாகச் சொல்வார்கள். என் தம்பி அங்கே குழாய் ஃபிட்டர், டீமுக்கு கோல்கீப்பர். உள்ளூர் லீக்கில் அது ஆடாத மைதானம் இல்லை, நான் போகாத ஆட்டமும் இல்லை. வெயிலில், மழையில், புல்லே இல்லாத தரையில், பார்வையாளர் என்று நானும் ஒரு நாயும் மட்டும் இருந்த ஆட்டங்கள் எத்தனையோ. அதற்குப் பெயர்தான் ரசிகை. சோபாவில் சாய்ந்துகொண்டு வாணவேடிக்கை பார்க்கிறவன் ரசிகன் இல்லை, வெறும் பார்வையாளன்.

இந்த வருஷம் கழுத்துக்குக் கத்தி வந்துவிட்டது. கடைசி ஆட்டம் பஸ் டிப்போ டீமோடு. சமன் செய்தாலே தப்பித்துவிடலாம். தோற்றால் கீழ் டிவிஷனுக்கு இறங்க வேண்டும். இறங்கினால் டீமையே கலைத்துவிடுவதாக ஆபீசில் பெரிய அதிகாரி சொல்லிவிட்டார். அந்த ஆட்டத்தை லீக்கில் இருந்த புத்திசாலிகள் எப்போது வைத்தார்கள் தெரியுமா? உலகக் கோப்பைக் காலிறுதி நடக்கிற அதே ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்.

வெள்ளிக்கிழமை தம்பி கடைக்கு போன் செய்தான்.

"அக்கா, நம்ம டீமுக்கு ஒரு பேனர் வேணும். இருபது அடி. நம்ம நீலக் கலர்லயே போடு."

என் காதுகளை என்னாலேயே நம்ப முடியவில்லை.

"பதினோரு பேர் மூஞ்சியும் வரணும்க்கா. கோல்கீப்பர் மூஞ்சி மட்டும் நடுவுல பெருசா. போட்டோல்லாம் உன்கிட்டயே இருக்கும்ல?"

"இருக்குடா, இல்லாம எங்க போகும்!" என்றேன். சிரிப்பு வந்தது. தன் மூஞ்சியையே பெரிதாகப் போடச் சொல்கிறானே, கொழுப்புதான். ஆனால் சந்தோஷமாக இருந்தது. கடைசி ஆட்டத்துக்காவது இவனுக்கு ரோஷம் வந்ததே!

அன்றைக்கு எந்த நாட்டுக் கொடியையும் நான் தொடவில்லை. என் போனில் இருந்த படங்களை எடுத்து ஒவ்வொரு முகமாக வெட்டி ஒட்டினேன். கேப்டனான மீட்டர் ரீடருக்கு வழுக்கையில் வெயில் பட்டு மின்னியது, கொஞ்சம் மங்கலாக்கினேன். பம்ப் ஆபரேட்டரின் தொப்பையைப் பாதியில் வெட்டினேன். நடுவில் என் தம்பி, கையுறையோடு, எட்டடி உயரத்துக்கு. ஓரம் மடித்து ஒட்டி, மூலைக்கு மூலை வளையம் அடித்து, சுருட்டி வைத்தேன். ஞாயிறு மத்தியானம் அவன் சிநேகிதன் வந்து பிரித்துக்கூடப் பார்க்காமல் தோளில் போட்டுக்கொண்டு போனான்.

சாயங்காலம் மைதானத்துக்குப் போனால் பேனரும் இல்லை, தம்பியும் இல்லை. எங்கள் ஆட்கள் ஆறு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். மிச்சப் பேர் எங்கே என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லை. நாலு தெரு தள்ளி, மார்க்கெட் திடலில் பெரிய திரை கட்டியிருந்தார்கள். அங்கிருந்து வந்த கூச்சல் இங்கே கேட்டது. டிப்போ டீமுக்கும் அதே வியாதிதான், எட்டு பேர் வந்திருந்தார்கள்.

"ஏழு பேராவது இருந்தாத்தான் ஆட்டம். இல்லன்னா தோத்ததா எழுதிடுவேன்" என்றார் நடுவர்.

"கொஞ்சம் பொறுங்க சார், வந்துடுவான்" என்று மீட்டர் ரீடர் கெஞ்சினார். அவர் பக்கத்தில் ஒருவன் போனில் அந்தக் காலிறுதியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். பிடுங்கி என் பைக்குள் போட்டேன்.

நடுவர் விசிலை வாய்க்குக் கொண்டுபோகும் நேரத்தில் தம்பி வந்தான். உடம்பில் எவனோ ஒரு வெளிநாட்டு கோல்கீப்பரின் பெயர் போட்ட நீலச் சட்டை. தோளில் பேனர். முகம் சிவந்திருந்தது. பேனரை என் காலடியில் போட்டான்.

"ஏன்க்கா இப்படிப் பண்ணின?"

"என்னடா பண்ணினேன்? நம்ம டீம்னு நீதான சொன்ன?"

"நம்ம டீம்னா..." என்று திரை இருந்த பக்கம் கையைக் காட்டினான். பாதியிலேயே கை இறங்கிவிட்டது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவனுமா? நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்த இந்தத் தம்பியுமா?

"மேடையில வெச்சு விரிச்சாங்க. திடல் மொத்தமும் சிரிச்சுது. வழுக்கையைப் பாத்து, தொப்பையைப் பாத்து, என்னைப் பாத்து."

"சிரிக்கட்டும். அந்தக் கூட்டத்துல ஒருத்தனுக்காவது பந்து உதைக்கத் தெரியுமா? உனக்கு வெக்கமா இல்ல? இங்க டீமே போகப் போகுது, நீ எவனோ ஒருத்தன் பேரை முதுகுல ஒட்டிக்கிட்டு..."

"அங்க தோத்தா எல்லாரும் சேர்ந்து அழுவாங்கக்கா" என்றான். குரல் உடைந்தது. "யாரும் என்னைக் கேக்க மாட்டாங்க. இங்க? ஜெயிச்சா அம்மாகிட்ட போய் 'ஜெயிச்சோம்'னு சொல்ற. தோத்தா 'உன் பிள்ளை விட்டுட்டான்'னு சொல்ற. ஒவ்வொரு தடவையும். அப்புறம் ரெண்டு நாளைக்கு என் மூஞ்சியைக்கூடப் பாக்க மாட்ட. நான் எதுக்கு இங்க வரணும்?"

"ஆடுறியா இல்லையாப்பா?" என்று நடுவர் கத்தினார். தம்பி அந்த வெளிநாட்டுச் சட்டையைக் கழற்றி எறிந்தான். மீட்டர் ரீடர் நீட்டிய பழைய சட்டையையும் கையுறையையும் மாட்டிக்கொண்டு கோலுக்குப் போனான்.

ஏழுக்கு எட்டு. அதை ஆட்டம் என்று சொன்னால் திடலில் இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். ஆளுக்கு ரெண்டு பேர் வேலை பார்த்தார்கள், மூச்சிரைத்தது, பம்ப் ஆபரேட்டர் ஒரு கட்டத்தில் உட்கார்ந்தே விட்டார். தம்பி மட்டும் பிசாசு மாதிரி ஆடினான். முழங்கை தோல் உரிய விழுந்து நிறுத்தினான், முகத்தால் ஒன்றைத் தடுத்தான். சமனிலேயே கடைசி நிமிஷம் வந்தது. நான் விசிலுக்காக நடுவரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

டிப்போ ஆள் ஒருவன் தூரத்திலிருந்து சும்மா ஒரு உதை விட்டான். வேகமே இல்லாத பந்து. குழந்தைகூடப் பிடித்திருக்கும். தம்பி குனிந்தான். பந்து ரெண்டு காலுக்கும் நடுவில் உருண்டு உள்ளே போயிற்று.

விசில் அடித்துவிட்டார்கள். முடிந்தது. டீம் போயிற்று. டிப்போக்காரர்கள்கூடக் கத்தவில்லை, திரையைப் பார்க்க ஓடினார்கள். எங்கள் ஆட்கள் அங்கங்கே அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள்.

நான் கோலுக்குப் போனேன். எப்பேர்ப்பட்ட பந்தை விட்டான்! வழக்கமான வசவெல்லாம் தொண்டை வரை வந்து நின்றது. அவன் கம்பத்தில் சாய்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சொல்லு" என்றான். "சொல்லிடு."

"விட்டுட்டோம்டா" என்றேன்.

அவன் தலை நிமிர்த்தி என்னைப் பார்த்தான். பிறகு கையுறையோடு முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். நான் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்து அவன் தோளைப் பிடித்துக்கொண்டேன், எனக்கும் அடக்க முடியவில்லை. மீட்டர் ரீடர் வந்தார், ஒவ்வொருவராக எல்லாரும் வந்து உட்கார்ந்தார்கள். திடல் பக்கம் ஊரே கத்தியது. எவன் போட்ட கோலோ, எவனுக்கு வேண்டும்.