குறிப்பில் சென்றாயன் பெயர்

எண்பத்தெட்டில் ஓசூரில் ஒரு வன ஆராய்ச்சி அலுவலகத்தில் நான் தற்காலிக டைப்பிஸ்ட். முனீர் அகமது என்றால் யாருக்கும் தெரியாது; ஒரு சொல் விடாமல் டைப் பண்ணுகிற பாய் என்றால் தெரியும். அந்தப் பெருமைதான் ஒரு மனுஷனின் கையை உடைத்தது.

அஞ்செட்டிக் காட்டில் சந்தன மரங்கள் காய்ந்துகொண்டிருந்தன. காரணம் நோயா, தீயா, மாடா? எதை ஆராய்வது என்று காட்டை வைத்துப் பிழைக்கிறவர்களே சொல்லட்டும் என்று எங்கள் அதிகாரி திம்மப்பன் ஒரு குழு போட்டார். எல்லோரும் பங்காளிகள் என்றார். பங்காளி என்றாலே வெட்டுக்குத்துதான் என்பது பெங்களூர்க்காரரான அவருக்குத் தெரியவில்லை.

முதல் கூட்டத்தில், சந்தன எண்ணெய் மில் வைத்திருந்த ஜெயமணி, எல்லாம் நோய்தான் என்று சொல்லிவிட்டு லாரி வேலை இருக்கிறதென்று பாதியில் போய்விட்டார். அவர் போன பிறகுதான் நாட்றாம்பாளையத்தில் மாடு மேய்க்கிற சென்றாயன் வாயைத் திறந்தார். நோயெல்லாம் இல்லை, மரத்தடியில் சுற்றிலும் பட்டையை உரித்து மண்ணைப் போட்டு மூடுகிறார்கள், ரெண்டு மாசத்தில் மரம் காய்கிறது, நீங்கள் வந்து நோய் மரம் என்று வெள்ளை வளையம் அடிக்கிறீர்கள், ஏலத்தில் ஜெயமணி லாரி ஏற்றிப்போகிறது என்றார்.

கூட்டக் குறிப்பில் நான் அதை அப்படியே டைப் செய்தேன். 'திரு. சென்றாயன் கூறியதாவது.' ஆறு நகல். உறுப்பினர் எல்லோருக்கும் அனுப்ப வேண்டும் என்பது விதி. ஜெயமணியும் உறுப்பினர்.

ஐந்தாம் நாள் ஜெயமணியின் லாரி ஆட்கள் நாலு பேர் சென்றாயன் வீட்டுக்குப் போய், அவருடைய வலது கையை ஆட்டுக்கல்மேல் வைத்து, கோடாரியின் பின்பக்கத்தால் நசுக்கினார்கள். அடுத்த கூட்டத்தில் 'நான் சொல்லவில்லை' என்று சொல், இல்லையென்றால் இடது கை என்றார்களாம்.

நான் பஸ் பிடித்துப் போனேன். கட்டுக்குள் விரல் எது, உள்ளங்கை எது என்று தெரியவில்லை. மன்னிப்புக் கேட்டேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி சென்னம்மாதான் பேசினாள்.

"அவரு இல்லன்னு சொல்லமாட்டாரு பாய். நானும் காலப் புடிச்சுக் கேட்டுட்டன். அந்தக் கையும் போனா நான்தான் சோறு ஊட்டணும். இருக்கிற கோவத்துக்கு ஊட்டமாட்டன்."

அடுத்த கூட்டம். முதல் வேலை, போன கூட்டத்துக் குறிப்பைப் படித்து ஒப்புக்கொள்வது. படித்தேன். ஜெயமணி சிரித்துக்கொண்டே, இதைச் சொன்னவர் இங்கே இருக்கிறாரா என்று கேட்டார். சென்றாயன் எழுந்திருக்க இடது கையை ஊன்றினார்.

நான் முந்திக்கொண்டேன். "அது நான் சொன்னது சார். பேரு மாத்தி டைப் பண்ணிட்டேன்."

ஜீப்பை விட்டுக் காட்டில் இறங்கியே இராத என்னைத் திம்மப்பன் வெகுநேரம் பார்த்தார். பிறகு, யார் சொன்னால் என்ன, இனி அடிமண்ணைத் தோண்டிப் பார்க்காமல் எந்த மரத்துக்கும் வெள்ளை வளையம் கிடையாது, காய்ந்த மரம் ஒன்றும் ஏலத்துக்குப் போகாது என்று எழுதச் சொன்னார். ஒரு சொல் விடாமல் எழுதினேன்.

வெளியே கேட்டருகே, பட்டப்பகலில், அதே நாலு பேர். ஒருவன் கன்னடத்தில் திட்டினான், ஒருவன் தெலுங்கில். எல்லாம் புரிந்து தொலைத்தது. லாரி டயர் கழற்றும் இரும்பு லிவரால் விலாவில் அடி விழுந்தபோது உள்ளே மரக்கிளை முறிகிற சத்தம் கேட்டது. அடுத்தது வாயில். மூன்று பல்லைத் துப்பினேன். தொழிற்பேட்டை ஷிப்ட் முடிந்து வந்தவர்கள் சைக்கிளோடு நின்று பார்த்தார்கள். வீரனாக விழ நினைத்தேன்; "அம்மா" என்றுதான் விழுந்தேன்.

சென்றாயன் ஒற்றைக் கையால் என் சட்டைக் காலரைப் பிடித்து வாசல்வரை இழுத்தார்.

"பட்ட எது எல எதுன்னு தெரியாத ஆளு நீங்க. நம்புனாங்களா பாய்?"

"அடிச்ச அடியப் பாத்தா நம்பிட்டாங்கண்ணா."

அவர் சிரிக்கவில்லை. என் வாயில் வழிந்த ரத்தத்தை இடது கையாலேயே துடைத்தார். அதற்கப்புறம் அந்தக் கையை யாரும் தொடவில்லை.