ஆறு வீட்டுக்கு ஒரு ஃபியூஸ்

மூன்றாவது ரொட்டியைத் திருப்பும்போது இண்டக்‌ஷன் அடுப்பின் சிவப்பு எண் அணைந்தது. கூடவே லயம் முழுவதும் இருண்டது. எங்கள் லயத்தில் ஒரே வரிசையாகச் சுவரொட்டி ஆறு வீடு. எஸ்டேட் கொடுத்திருப்பது ஒரே ஃபியூஸ். விடிகாலைக் குளிரில் எல்லோரும் பக்கெட்டில் ஹீட்டர் கம்பியைப் போட்டுவிடுவார்கள்.

“கந்தப்பன் ஊட்டுல கப்பல் ஓட்டறாங்க போல,” என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பாலாமணி அக்கா அப்பாவின் பெயரை இழுத்துச் சொன்னாள். வேறு யாரோ சிரித்தார்கள்.

தேயிலைக் கொழுந்து விலை விழுந்ததிலிருந்து எஸ்டேட்டில் வாரத்துக்குப் பாதி நாள்தான் வேலை. மீதி நாட்களில் ரவிச்சந்திரன் மேஸ்திரியின் ஜீப்பில் ஆட்கள் ஊட்டிப் பக்கம் கேரட் பிடுங்கப் போகிறார்கள். அவர்களுக்குக் காலையில் ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் நான் செய்து கொடுப்பதாகப் பேச்சு. அது நிலைத்தால் வீட்டில் இருக்கலாம். இல்லையென்றால் ஞாயிறன்று வரும் வேனில் ஏறித் திருப்பூர் மில்லுக்குப் போக வேண்டும். பத்தாவதோடு நின்றவளை எத்தனை நாள் வீட்டில் வைத்திருப்பது என்று அம்மா முடிவு செய்துவிட்டாள்.

அன்று ஃபியூஸ் கட்டி முடிப்பதற்குள் ஜீப் ரொட்டி இல்லாமலே போயிற்று. “நாளைக்கு ஒருதரம் பாக்கறனுங்க. இல்லீன்னா ரோட்டுக் கடையிலயே வாங்கிக்கறேன்,” என்று மேஸ்திரி அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

பகல் முழுவதும் வீட்டில் அடுப்புப் பேச்சுதான்.

“கேஸுதான் அடுப்பு. ரொட்டின்னா நெருப்பு படணும். இது என்னா, சூடான சிலேட்டு,” என்றாள் அம்மா.

“மழையில சிலிண்டரு வண்டி மேல ஏறுதா? நாந்தானே ரோட்டுலருந்து தோள்ல தூக்குறேன். கரண்டு தானா வருது,” என்றார் அப்பா.

“தானா போகவும் செய்யுது.”

எனக்கு இருவர் சொல்வதும் சரியாகத்தான் பட்டது. எங்கள் ரொட்டி கனமானது. இண்டக்‌ஷனில் நடு வரைக்கும் ஒரே சீராக வேகும். ஆனால் அங்கங்கே கருகிய அந்த வாசம் தீயில்தான் வரும். சிலிண்டரை அசைத்துப் பார்த்தேன். கொஞ்சம்தான் இருந்தது. முழுக்க அதில் சுட்டால் வாரம் தாங்காது. கடைசிப் புரட்டல் மட்டும் என்றால் மாதம் ஓடும். அப்புறம் மிச்சம் ஃபியூஸ்தான். பறிக்கிற கூலிக்குக்கூடக் கட்டாது என்று தோட்டத்தில் செடிகளைக் கவ்வாத்து வெட்டிப் போட்டிருந்தார்கள். அப்படி வெட்டிய குச்சி, மிளாறு, வீட்டுக்குப் பின்னால் விறகாகக் கூரை வரை குவிந்து கிடந்தது.

வகுப்பில் ‘உள்ளேன் ஐயா’ சொல்லக்கூடக் குரல் வராதவள் நான். முதலில் பாலாமணி அக்காவின் கதவைத் தட்டினேன்.

“அக்கா, காலைல ஹீட்டரு போடாதீங்க. சுடுதண்ணி நான் வெச்சுத் தாறேன்.”

“ஆறு ஊட்டுக்குமா?”

“ஆறு ஊட்டுக்கும். மிளாறு கெடக்குது. உங்க அண்டாவ மட்டும் குடுங்க.”

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். “உனக்கு வாய் இருக்குதா புள்ள? இத்தனை நாளா எங்க வெச்சிருந்த? அண்டா கட்டிலுக்கு அடியில கெடக்குது, நீயே இழுத்துக்க.” மற்ற நாலு வீட்டுக்கும் அவளே கூட வந்தாள். நான் பேசத் திணறிய இடத்தில் அவள் அதட்டினாள்.

மறுநாள் விடியுமுன் அப்பா பின்புறம் அண்டாவுக்குத் தீ மூட்டினார். பக்கெட்டுகள் ஒவ்வொன்றாக வந்து வரிசையில் நின்றன. உள்ளே அம்மா மாவைத் தட்டிக் கொடுக்க, நான் இண்டக்‌ஷனில் வேகவைத்து, கேஸ் தீயில் ஒரு புரட்டுப் புரட்டிக் கூடையில் போட்டேன். பாதியில் தலைக்கு மேல் பல்பு மங்கியது. அம்மா கையை நிறுத்தி மேலே பார்த்தாள். பல்பு மெல்லத் தெளிந்தது.

“தட்டும்மா,” என்றேன்.

அவள் தட்டினாள்.

கடைசி ரொட்டி கூடையில் விழுந்தபோது கீழே ரோட்டில் ஹாரன் கேட்டது. கூடையை எடுத்தேன். அம்மா தடுத்து நிறுத்தி, தன் ஸ்வெட்டரைக் கழற்றி அதன்மேல் போர்த்தி, ஸ்வெட்டரின் கைகள் இரண்டையும் அடியில் இழுத்து முடிச்சுப் போட்டாள்.

“ஆறிடப்போகுது. ஓடு.”

வாசலில் பனி அப்பியிருந்தது. கூடையின் சூடு வயிற்றில் பட, படியில் இறங்கினேன். கீழே ஜீப்பின் இரண்டு விளக்குகளும் ஒரே மஞ்சள் புகையாகத் தெரிந்தன. அதற்குள் யாரோ கூடைக்குக் கை நீட்டி நின்றிருந்தார்கள்.