கிளாத்தி மேல் விழுந்த பழி

முடிதிருத்துகிறவரின் கடையில், பெரிய கண்ணாடிக்கு எதிரே, பவளப்பாறை வைத்த கடல்நீர் மீன்தொட்டி ஒன்று. அதில் ஒரே ஒரு கிளாத்தி மீன். பார்க்க ராஜா மாதிரி இருப்பான், குணம்தான் சுத்த மோசம். கூட விட்ட மீன்களையெல்லாம் கடித்து விரட்டியதால் வாடிக்கையாளர்கள் வைத்த பெயர் தாதா. கடைக்காரருக்கோ அவன் செல்லப்பிள்ளை. காலையில் கடையைத் திறந்ததும் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு காத்திருப்பான்.

அந்தத் தொட்டியில்தான் கடைக்காரரின் மைத்துனன் தன் துறவி நண்டை விட்டுவிட்டுப் போனான். அவனுக்குக் கப்பலில் சமையல் வேலை. காலிச் சங்குக்குள் குடியிருக்கும் அந்தச் சுண்டைக்காய் அளவு பிராணிமேல் அவனுக்கு உயிர்.

"என் தம்பி நண்டுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா, உங்க தாதா அன்னைக்கே வேற இடம் பாத்துக்கணும்" என்று மனைவி கறாராகச் சொல்லியிருந்தாள். சொன்னால் செய்கிறவள்.

மைத்துனன் வரவேண்டிய காலையில் கடையைத் திறந்தவர் நேரே தொட்டியிடம் போனார். தொட்டியின் அடியில் நண்டு காலும் கொடுக்குமாக மல்லாந்து கிடந்தது. பக்கத்தில் அதன் சங்கு காலி. மேலே தாதா, ஒன்றும் தெரியாத பாப்பா போல முகத்தை வைத்துக்கொண்டு மிதந்தான்.

"படுபாவி! வேளாவேளைக்கு இறால் உரிச்சுப் போட்டேனேடா, அது பத்தலையா உனக்கு?"

கடல்நீர் நிரப்பிய வாளியில் அவனைச் சிறை வைத்தார். திட்டிக்கொண்டே வாளிக்குள் எட்டிப் பார்த்தார். நாளைக்குக் கடையைத் திறந்தால் மூக்கை ஒட்டிக்கொண்டு நிற்க யார் இருக்கிறார்கள்?

நாலு முடியை வாரிவிட்டு வழுக்கையை மறைக்கிற கைக்கு ஒரு நண்டு எம்மாத்திரம்? சாமணத்தால் பிணத்தைச் சங்கில் செருகிக் கால்களை வெளியே எடுத்துவிட்டார். அதோடு விட்டாரா? தரையில் கிடந்த நீளமான முடி ஒன்றைப் பொறுக்கி, ஒரு முனையைக் கொடுக்கிலும் மறுமுனையைத் தன் விரலிலும் கட்டிக்கொண்டார்.

மனைவியும் மைத்துனனும் உள்ளே வந்தபோது நாற்காலியில் வாத்தியார் ஒருவர் பாதி மழித்த தாடியோடு உட்கார்ந்திருந்தார்.

"வா மாப்ள! உன் ஆளப் பாரு, எப்படி வரவேற்கிறான்னு!" என்று கடைக்காரர் விரலை ஆட்டினார்.

நண்டு கையசைத்தது. மைத்துனன் பூரித்துப்போய்ப் பதிலுக்குக் கையசைத்தான். உற்சாகத்தில் இவர் இன்னும் கொஞ்சம் ஆட்டினார். கை மட்டும் தனியாகக் கழன்று மேலே வந்தது.



மைத்துனன் அந்தக் கையை எடுத்துப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். "மாமா, இது வெறும் கூடு! நண்டு வளர்றப்போ சட்டை மாதிரி கழட்டிப் போட்டுடும். உள்ள ஒண்ணுமே இல்ல பாருங்க."

"அப்ப நண்டு எங்க?"

"நீங்க அழகுக்குப் போட்டு வச்சிருக்கீங்களே, அந்தப் பெரிய சங்கு," என்றார் வாத்தியார், சோப்பு நுரையோடு. "அது அப்பவே பிடிச்சு நடந்துக்கிட்டிருக்கு. கத்தி கழுத்துல இருந்துச்சு, அதான் வாயத் தொறக்கல."

ஆமாம், புது வீட்டோடு, முன்பைவிடக் கொழுகொழுவென்று ஊர்ந்துகொண்டிருந்தது நண்டு.

"அப்ப வாளியில இருக்கிறது யாரு?" என்றாள் மனைவி.

கடைக்காரர் ஓடினார். தாதாவைத் தொட்டியில் விட்டு, இருப்பதிலேயே பெரிய இறாலை உரித்து நீட்டினார். "தப்பா நெனச்சுட்டேன்டா ராசா." தாதா முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான்.

"நண்ட நான் கூட்டிட்டுப் போறேன் மாமா," என்றான் மைத்துனன். "கிளாத்திக்கும் நண்டுக்கும் ஒத்தே வராது. இத்தனை நாள் திங்காம விட்டதே அதிசயம்."

"கூட்டிட்டுப் போ. செய்யாத தப்புக்கு எம்புள்ள ஜெயிலுக்குப் போனது போதும்."

சொல்லிவிட்டு, தொட்டியின் மேல் குனிந்து இரு கையையும் கூப்பினார். தாதா மெல்ல மேலே வந்தான், அவர் முகத்தைப் பார்த்தான், வாய் நிறையத் தண்ணீரை உறிஞ்சி நேராக அவர் மூக்கிலேயே பீய்ச்சினான். அப்புறம் இறாலை வாங்கிக்கொண்டான்.



"கோவம் போயிடுச்சு!" என்றார் கடைக்காரர், முகத்தைத் துடைக்கக்கூட மனமில்லாமல்.