சுவருக்கு வைத்த சாட்சி

என் கணவர் நசாரியோ கொத்தனார். ஊரார் வீட்டுக்கெல்லாம் வாரம் முழுக்கத் தூக்குக்குண்டு பிடிக்கிற மனுஷன், எங்கள் வீட்டை மட்டும் ஞாயிற்றுக்கிழமைகளில் கட்டினார். பதினாறு வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள். அதனால்தான் யாராவது எங்கள் பள்ளத்தாக்கு வீடுகளைக் குடிசை என்று சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நாலு பக்கமும் ஹாலோ பிளாக் சுவர், மேலே கான்கிரீட் தளம், தளத்துக்கு மேலே எப்போதோ எழும்பப்போகிற மாடிக்காக நீட்டி விட்ட கம்பிகள். அந்தக் கம்பிகளைப் பார்த்துக்கொண்டே எங்களுக்கு வயதாகிவிட்டது.

மெக்சிகோவின் எல்லை நகரமான திஹுவானாவில் சமதரை எங்களைப் போன்றவர்களுக்குக் கிடைக்காது. சரிவை வெட்டினோம். வெட்டிய மண்ணைப் பழைய லாரி டயர்களில் அடைத்து, டயர் மேல் டயராக அடுக்கித் தடுப்புச் சுவர் எழுப்பினோம். இங்கே எல்லாரும் அப்படித்தான். அந்த டயர் சுவருக்கு மேலே என் வீடு. அடியில், மூன்று தப்படி தள்ளி, தோமித்திலாவின் வீடு.

என் மகள் அனாஹிக்கு தோமித்திலாதான் ஞானத்தாய். பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்றிலிருந்து நாங்கள் ஒருவரை ஒருவர் ‘கோமாத்ரே’ என்றுதான் கூப்பிடுவோம். அதுவரை ‘நீ, வா, போ’ என்று பேசிக்கொண்டிருந்தவர்கள் அன்றைக்கே ‘நீங்க’வுக்கு மாறினோம். அந்த உறவின் மரியாதை அப்படி. சண்டை போட்டாலும் ‘நீங்க’தான். சண்டைக்கும் குறைவில்லை.

“கோமாத்ரே! உங்க சோப்புத் தண்ணி மறுபடியும் என் கூரையில ஊத்துது! என்ன, எனக்கு ரெண்டாம் ஞானஸ்நானமா?”

“கூரையாவது வெளுக்கட்டுமேன்னுதான், கோமாத்ரே!”

அவள் வீட்டுச் சுவர்கள் எல்லைக்கு அந்தப் பக்கத்து அமெரிக்கர்கள் கழற்றிப் போட்ட கார் ஷெட் கதவுகள். ஒரு சுவரில் இன்னும் கைப்பிடி இருக்கிறது. புருஷன் போய்ச் சேர்ந்து பத்து வருஷம். டிவி செய்கிற ஃபேக்டரியில் இருபது வருஷம் நின்று வேலை பார்த்ததில் இடது முழங்கால் மடங்காமல் போய்விட்டது. தனியாகத்தான் இருந்தாள். தனியாக என்றா சொன்னேன்? பள்ளிக்கூடம் விட்டால் அனாஹி அங்கேதான்.

நவம்பரில் என் பின்பக்கச் சுவரில், ஜன்னல் மூலையிலிருந்து தரை வரை, ஒரு விரிசல் இறங்கியது. தலைமுடி கனம்தான். நசாரியோ அதை நகத்தால் கீறிப் பார்த்தார். பிறகு பிளாஸ்டர் மாவைக் குழைத்து, விரிசலுக்குக் குறுக்கே ஒரு வில்லை அப்பி, ஈரத்திலேயே ஆணியால் தேதி கீறினார்.

“இதுக்குப் பேரு சாட்சி,” என்றார். “பிளாஸ்டருக்கு வளையத் தெரியாது. சுவர் அசைஞ்சா இது உடைஞ்சிடும்.”

“சுவர் எங்கங்க அசையப் போகுது? விடியக்காலையில உங்களையே அசைக்க முடியல.”

அவர் சிரிக்கவில்லை. முதல் சாட்சி பதினெட்டு நாளில் உடைந்தது. இரண்டாவது கிறிஸ்துமஸுக்கு முன்னால் உடைந்தது. ஜனவரி எட்டாம் தேதி மூன்றாவதை வைத்துவிட்டு, ஹோட்டல் கட்டுகிற வேலைக்கு என்செனாடாவுக்குக் கிளம்பினார். பஸ் ஏறும்போதுகூட அதே பேச்சு.

“லாலா, மூணாவதும் உடைஞ்சா உடனே போன் போடு. கோமாத்ரே கிட்டயும் சொல்லிடு. நம்ம வீட்டு கனமெல்லாம் அவங்க தலைக்கு மேலதான் நிக்குது.”

மூன்றாவது ஒன்பதே நாளில் உடைந்தது. நான் போன் போடவில்லை. கோமாத்ரேயிடமும் சொல்லவில்லை.

ஏன் என்று கேட்பீர்கள். அந்த வாரம்தான் நகராட்சியிலிருந்து வீடு வீடாகச் சோதனைக்கு வரப்போகிறார்கள் என்று சேதி வந்தது. போன வருஷம் பக்கத்துப் பள்ளத்தாக்குக்கு வந்தார்கள். விரிசல் விட்ட வீடுகளில் சிவப்பில் பெருக்கல் குறி போட்டார்கள். மாற்று இடம் வரும் என்று சொல்லி ஜனங்களை விளையாட்டு அரங்கத்தில் மெத்தை போட்டுப் படுக்க வைத்தார்கள். புல்டோசர் வந்தது, மாற்று இடம் வரவில்லை. அதில் ஒரு வீடு என் தங்கையுடையது. இன்றைக்கும் மூன்று பிள்ளைகளோடு ஒற்றை அறையில் கிடக்கிறாள். பதினாறு வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகளை ஒரு டப்பா சிவப்புப் பெயிண்டுக்குக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. அவ்வளவுதான்.

கத்தியால் மூன்று சாட்சிகளையும் சுரண்டி எடுத்தேன். விரிசலுக்குள் பிளாஸ்டரை அடைத்து, பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். கொத்தனார் பெண்டாட்டிக்கு இதெல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு சுவருக்கு மட்டும் பெயிண்ட் அடித்தால் சந்தேகம் வரும் என்று நாலு சுவருக்கும் இளம்பச்சை அடித்தேன். ஜன்னல் மூலையில் குவாதலூப்பே மாதா படம் போட்ட காலண்டரை மாட்டினேன். நின்று பார்த்தபோது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குப் பெருமையாக இருந்தது.

சோதனைக்கு வந்தது ஒரு பெண் இன்ஜினியர். வெள்ளை ஹெல்மெட், ஷூ முழுக்கச் சேறு, முகத்தில் அவ்வளவு அசதி. அன்றைக்கு மட்டும் நாற்பது வீடு பார்க்க வேண்டுமாம்.

“புதுப் பெயிண்டா?”

“பண்டிகைக்கு அடிச்சதுங்க.”

சுவரைத் தட்டிப் பார்த்தாள். “விரிசல் ஏதாவது இருந்துச்சா?”

“கடவுள் புண்ணியத்துல ஒண்ணும் இல்லைங்க. சுவர் கண்ணாடி மாதிரி இருக்கு.”

ஆபத்தில்லை என்கிற பச்சைத் தாள் ஒன்றில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். மூச்சு விட்டேன். ஆனால் அவள் அப்படியே படியிறங்கிக் கீழ்வீட்டுக்குப் போனாள். அதை நான் யோசித்தே பார்க்கவில்லை. சாமி சத்தியமாக யோசிக்கவில்லை. மேலேயிருந்து எல்லாம் காதில் விழுந்தது.

“இந்த டயர் சுவர் நிக்குமாம்மா?” என்று கோமாத்ரே கேட்டாள். “மழை முடியிற வரைக்கும் தெகாத்தேயில தங்கச்சி வீட்டுக்குப் போயிடலாம்னு மூட்டை கட்டி வச்சிருக்கேன்.”

“மண்ணு நகர்ந்தா முதல்ல மேல் வீட்டுச் சுவர்லதான் தெரியும். நான் பார்த்துட்டுத்தான் வர்றேன், ஒரு கீறல் இல்ல. தைரியமா இருங்க.”

அவளுக்கும் ஒரு பச்சைத் தாள். அன்றைக்குச் சாயங்காலமே கோமாத்ரே மூட்டையைப் பிரித்துவிட்டாள்.

“உங்க சுவரு நல்லா இருக்கப் போய் நான் பொழைச்சேன், கோமாத்ரே! தங்கச்சி வீட்டுல யாரு போய் அவ புருஷனோட குறட்டையைக் கேக்கிறது?”

நான் சிரித்தேன். சிரித்தேனே, பாவி.

ஜனவரி ஆறாம் தேதி, மூன்று ராஜாக்கள் திருநாள் ரொட்டிக்குள் ஒளித்து வைக்கிற பொம்மை, இந்த வருஷம் கோமாத்ரேயின் துண்டில்தான் வந்திருந்தது. பொம்மை வந்தவர்கள் பிப்ரவரி இரண்டாம் தேதி, காணிக்கைத் திருநாளுக்கு, எல்லாருக்கும் சோளமாவில் தமாலெஸ் அவித்துப் போட வேண்டும். “செலவுக்குப் பயந்துதான் தெகாத்தேக்கு ஓடப் பார்த்தாங்க,” என்று தண்ணீர் லாரி ஓட்டுகிற செமா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். “வாடா வா, நூறு செஞ்சு போடறேன், தின்னுட்டு வெடி,” என்றாள் கோமாத்ரே.

ஜனவரி முப்பத்தொன்றாம் தேதி மழை பிடித்தது. விடவே இல்லை. பிப்ரவரி இரண்டாம் தேதி காலையிலேயே அனாஹி கீழே போய்விட்டாள், சோளத்தோகையில் மாவு தடவி மடிக்க. என் பங்கு சோளக்கஞ்சி. மத்தியானம் பானையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியபோது கதவு சாத்த வரவில்லை. நிலை கோணியிருந்தது. பானையை வைத்துவிட்டுக் காலண்டரைத் தூக்கிப் பார்த்தேன். இளம்பச்சைக்கு நடுவே கருப்பாகக் கோடு ஓடியது. சுண்டுவிரல் உள்ளே போயிற்று. உள்ளே ஈரம்.

அப்போதாவது கத்திக்கொண்டு ஓடினேனா? இல்லை. காலண்டரைத் திரும்ப மாட்டினேன். இன்றைக்கு ஒரு நாள் தாங்கிவிட்டால் நாளைக்கு ஏதாவது சாக்குச் சொல்லிக் கோமாத்ரேயைத் தெகாத்தேக்கு அனுப்பிவிடலாம், முதலில் என் பிள்ளையை மேலே கூட்டி வந்துவிடுவோம் என்று கணக்குப் போட்டுக்கொண்டு இறங்கினேன்.

பன்னிரண்டு பேர் அந்தச் சின்ன வீட்டில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். அடுப்பில் பெரிய தமாலெஸ் பானை, ஜன்னலெல்லாம் ஆவி. கோமாத்ரே முடக்குக் காலை முக்காலியில் நீட்டிக்கொண்டு ராணி மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

“அனாஹி, மேல வா,” என்றேன். “எனக்குத் தலை வலிக்குது.”

“தலைவலிக்கு இங்க காப்பி இருக்கு,” என்றாள் கோமாத்ரே. “பிள்ளையை எதுக்கு இழுக்கிறீங்க? உக்காருங்க கோமாத்ரே, சூடு ஆறுது.”

தட்டைக் கையில் கொடுத்தாள். தோகையைப் பிரித்து அப்படியே வைத்தேன். பின்னால் டயர் சுவரிலிருந்து சரசரவென்று மண் கொட்டுகிற சத்தம். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“என்ன பயம்?” கோமாத்ரே சுவரைக் காட்டினாள். மாதா படத்துக்குப் பக்கத்தில் பச்சைத் தாளை நாலு ஆணி அடித்து மாட்டியிருந்தாள். “இன்ஜினியரம்மாவே எழுதிக் குடுத்துட்டாங்க. தின்னுங்கடா.”

“அதைக் கிழிச்சுப் போடுங்க, கோமாத்ரே.”

சொன்னது நான்தான். செமா சிரித்தான். “ஏன் லாலாக்கா, உங்க தாளைவிட அது பெருசா இருக்கா?”

“அது பொய். நான் சொன்ன பொய்யை வச்சு எழுதினது. சுவர்ல விரிசல் இருக்கு. நான்தான் பூசி மறைச்சேன். இப்ப விரல் போகுது. எந்திரிங்க, எல்லாரும் வெளிய போங்க, அனாஹி, வெளிய போடி!”

யாரும் அசையவில்லை. கோமாத்ரே என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எப்பலேர்ந்து?”

“நவம்பர்.”

“நான் மூட்டையைப் பிரிச்சப்ப உங்களுக்குத் தெரியும்.”

“தெரியும்.”

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். கையை நீட்டி அடுப்பை அணைத்தாள். “அனாஹி, சிலிண்டரை மூடு. செமா, என்னைத் தூக்கு, என்னால படியேற முடியாது. மத்தவங்க பிள்ளைகளைப் பிடிச்சுக்கங்க.” செமா அவளை முதுகில் சுமந்துகொண்டு பக்கத்துப் படிகளில் ஏறினான். அவள் போட்டிருந்த செருப்பில் ஒன்று சேற்றில் விழுந்தது. அதை எடுத்துக்கொண்டு நான் பின்னால் போனேன்.

ரோட்டில் மழையில் நின்றோம். முக்கால் மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. “வீணா தமாலெஸ் ஆறுது,” என்று யாரோ முனகினார்கள். நாலு மணிக்குச் சுவர் போயிற்று. பெரிய சத்தம்கூட இல்லை. டயர்கள் ஒவ்வொன்றாக நழுவின, பிறகு மொத்தமாக மண் இறங்கியது. கார் ஷெட் கதவுகள் ஒடிகிற சத்தம்தான் கேட்டது. கோமாத்ரேயின் கூரை இருந்த இடத்தில் என் வீட்டுப் பின்பாதி கிடந்தது. முன்பாதி அந்தரத்தில் நின்றது, உள்ளே இளம்பச்சைச் சுவர் தெரிய. அழகாகத்தான் அடித்திருந்தேன்.

அன்றைக்கு ராத்திரி எங்களுக்கும் விளையாட்டு அரங்கம்தான். வரிசையாக மெத்தைகள். கோமாத்ரே, நடுவில் அனாஹி, இந்தப் பக்கம் நான். என்செனாடாவிலிருந்து பஸ் வர வழியில்லை, நசாரியோவிடம் போனில்தான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர், “கோமாத்ரே உசுரோட இருக்காங்கல்ல?” என்று மட்டும் கேட்டார்.

காலையில் அதே இன்ஜினியர் வந்தாள், கையில் பட்டியலோடு. கண் சிவந்திருந்தது. இடிந்த சுவரில் பிளாஸ்டர் அடைத்த தடத்தைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறாள். என்னைக் கேட்கவில்லை, கோமாத்ரே முன்னால் போய்க் குந்தினாள்.

“மேல் வீட்டுக்காரங்களுக்கு விரிசல் இருக்கிறது முன்னாடியே தெரியுமா? உண்மையைச் சொல்லுங்க. தெரிஞ்சே மறைச்சிருந்தா, மாற்று இடப் பட்டியல்ல அந்தக் குடும்பத்துப் பேரு வராது.”

சொல்லிவிடுவோம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் கோமாத்ரே பேசிவிட்டாள்.

“கடவுள் புண்ணியத்துல ஒண்ணும் இல்லைங்க. சுவர் கண்ணாடி மாதிரி இருந்துச்சு.”

நான் சொன்ன வார்த்தை. இதே இன்ஜினியரிடம் நான் சொன்ன அதே வார்த்தை. கீழேயிருந்து அவளுக்கும் எல்லாம் கேட்டிருக்கிறது. இன்ஜினியர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு எழுதிக்கொண்டு அடுத்த மெத்தைக்குப் போனாள்.

“கோமாத்ரே…” என்று கையைப் பிடிக்கப் போனேன்.

கையை இழுத்துக்கொண்டாள். “உனக்காகச் சொல்லல,” என்றாள். “அனாஹிக்காகச் சொன்னேன்.”

மடங்காத காலை வைத்துக்கொண்டு மெத்தையை இழுக்கத் தொடங்கினாள். ஒரு முனையைப் பிடிக்கலாம் என்று எழுந்தேன்.

“தொடாத,” என்றாள்.

பத்தடி தூரம் இழுத்துக்கொண்டு போய்ச் சுவரோரமாகப் போட்டுப் படுத்தாள். அனாஹி என்னைப் பார்த்தாள். பிறகு தன் மெத்தையைச் சுருட்டிக்கொண்டு எழுந்து அவளிடம் போய்விட்டாள்.